கண்ணாடி ஆறும் நேரம்

ஆறட்டும். கண்ணாடி ஆறாம இங்க ஒண்ணும் நடக்காது. எங்க தலைவர் நம்பி சார் வராந்தாவுல குறுக்கும் நெடுக்கும் நடந்தா சீக்கிரம் ஆறிடப் போறதில்ல, நான் உக்காந்து பொரி கொறிக்கறதால லேட்டாகப் போறதுமில்ல, அது பாட்டுக்கு ஆறும், அதுக்கு யாரைப் பத்தியும் கவலை கிடையாது, குடுத்து வச்ச கண்ணாடி. சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்துல கை கனத்துக்குக் கண்ணாடித் தண்டுங்க வரிசையாப் படுத்திருக்கு, முதல் தண்டுக்குள்ள லேசர் நோஞ்சானா நுழையும், ஒவ்வொண்ணாத் தாண்டித் தாண்டித் தெம்பேறிக் கடைசித் தண்டுல இருந்து பயில்வானா வெளிய வரும். ஒரு ஷாட் சுட்டாச்சுன்னா தண்டு பூராவும் சூடு, அந்தச் சூட்டோட மறுபடி சுட்டா ஒளி கோணிக்கிட்டுப் போகும், அதனால சாப்பிட்டது செரிக்கிற நேரம் காத்துக் கிடக்கணும். ஃபெலிக்ஸ் தன் மேசை முன்னால உக்காந்து சூடு காட்டுற முள்ளையே பார்த்துக்கிட்டிருக்காரு, நாகர்கோவில்காரரு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "முள்ளு இறங்குது மக்கா"ன்னு சொல்லுவாரு, யாரும் கேக்கலைன்னாலும் சொல்லுவாரு, முள்ளுகிட்டயே சொல்லுதாரோ என்னமோ. இறங்கட்டும். அது கீழ்க்கோட்டைத் தொட்டதும் கடைசி ஷாட். இன்னிக்குக் கடைசி இல்ல, இந்த மெஷினுக்கே கடைசி, நாளைக் காலையில பிரிக்க ஆரம்பிச்சிருவாங்க, பெருசாக்கித் திரும்பப் பூட்டுறதுக்கு ரெண்டு மூணு வருசம் ஆகும். என்கிட்ட ஆராய்ச்சி பண்ற மெஹருன்னிசாகிட்ட இருந்தது மூணு ஃபாயில், லேசரால அடிச்சுப் பறக்கவிடுற மெல்லிசுத் தகடு, காலையில ரெண்டு போச்சு. மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணு தட்டையாப் பறந்தா அவளோட ஆராய்ச்சிக்குக் கடைசி அத்தியாயம் உண்டு, நடுவுல ஓட்டை விழுந்தா கிடையாது. ஓட்டை விழாமப் பார்த்துக்க வேண்டியது என் தட்டு. காலையில ரெண்டு தடவையும் அது பார்த்துக்கல. ஏன்? முள்ளு இறங்குறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும், இல்லைன்னா தட்டைக் கழட்டிட்டுப் பாதிப் பலத்துல சுட்டுருவோம்னு நம்பி சார் சொல்லிட்டாரு. பாதிப் பலத்துல என்னத்த? அது பாவம் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் பரிசு குடுக்குற மாதிரி. அவளுக்கு ஆறுதல் எதுக்கு, பரிசு வேணும்.

தட்டுன்னா சாப்பிடுற தட்டு இல்ல. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல அப்படித்தான் நெனைச்சாரு, "எந்நேரமும் தட்டு தட்டுங்கிறியே, அங்க கேன்டீன்லயா வேலை"ன்னு கேட்டாரு. ரெண்டு கையையும் விரிச்சுச் சேர்த்து வச்சா எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான், பார்த்தா சும்மா ஜன்னல் கண்ணாடியாட்டம் இருக்கும். ஆனா அது மேல ரவை ரவையாக் கட்டம் போட்டிருக்கும், எண்ணி மாளாது, பாதிக் கட்டத்துல மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு, எந்தக் கட்டத்துல இருக்கணும் எதுல இருக்கக் கூடாதுங்கிறது சுண்டிப் போட்ட காசு சொல்ற மாதிரி, ஒரு ஒழுங்கும் கிடையாது. பூச்சுள்ள கட்டத்துல நுழையுற ஒளி அரை அலை தாமதமா வரும், மத்தது நேரத்துக்கு வரும். இவ்வளவு பெரிய ஒளி, ஒரே ஆளா மிடுக்கா வந்தது, தட்டைத் தாண்டுனதும் லட்சம் பொடிசுங்களாப் போயிரும், ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத பொடிசுங்க, எல்லாம் இடிச்சுக்கிட்டுத் தள்ளிக்கிட்டு ஃபாயில் மேல போய் விழும்போது எங்கயும் குவியாமப் பரவி விழும். பூவாளி மாதிரி. செடிக்கு வாளியோட தண்ணியைச் சாய்ச்சா மண்ணு குழியும், வேர் தெரியும், செடி சாஞ்சிரும். அதே தண்ணியைப் பூவாளியில ஊத்துனா பாத்தி முழுக்க ஒண்ணுபோல நனையும். இதை நான் முதல்ல சொன்னப்ப கமிட்டியில ஒரு பெரிய மனுசர் சிரிச்சாரு, லேசரோட பெருமையே அதோட ஒழுங்குதானே, அந்த ஒழுங்கைப் போயிக் கலைக்கணும்னு சொல்லுதீங்களேம்மா, அப்புறம் அது எதுக்கு லேசர், அரிக்கேன் விளக்கை வச்சே வேலையைப் பார்க்கலாமேன்னாரு. எனக்குச் சுள்ளுனு வந்துச்சு. சார், கல்யாண மண்டபத்துல ஒரே ஒருத்தர் கத்திப் பேசுனா காது வலிக்கும், ஐநூறு பேரு அவங்கவங்க பாட்டுக்குப் பேசுனா சும்மா ஒரு இரைச்சல், அதுல பச்சைப்பிள்ளைகூடத் தூங்கும், எனக்கு அந்த இரைச்சல்தான் வேணும்னேன். அன்னிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா தட்டு கிடைச்சுது. முதல் தடவை அதை வச்சுச் சுட்டப்ப திரையில வந்த படத்தைப் பார்த்து நான் அழுதேன், என்னம்மா அழகுன்னு, வட்டமா, சமமா, மத்தி எது ஓரம் எதுன்னு தெரியாம, பொடிப்பொடியா மினுக்கு. அந்த மினுக்கும் ஒரு இடத்துல நிக்காம ஓடணும்னு நிறத்தை இத்துனூண்டு ஆட்டிவிட்டோம், அப்புறம் அதுவும் கரைஞ்சு போச்சு. கலைச்சாத்தான் சீராகுதுங்கிறது எனக்கு இன்னும் அலுக்கல, எத்தனை வருசம் ஆனாலும் அலுக்காது.

பொரி நமுத்துப் போச்சு. ஆயுத பூஜைப் பொரி, பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு வெறும் பொரியை எனக்கு விட்டு வச்சிருக்காங்க, வேற யாரு, ஃபெலிக்ஸ்தான். வருசத்துல இந்த ஒரு நாளைக்கு இந்தக் கூடம் என்னமா ஆயிருது. திருப்புளிக்குப் பொட்டு, வேக்யூம் பம்புக்கு மாலை, எங்க எல்லாரையும் திட்டுற எச்சரிக்கை மணிக்குக்கூடச் சந்தனம். ஃபெலிக்ஸ் வாழைக்கன்னு கட்டுனாரு, மெஹருன்னிசா பழம் நறுக்குனா, கூடத்துக்குள்ள குங்குமம் போகக் கூடாது, தூசு ஆகாதுன்னு நான் வாசல்ல காவல் நின்னேன், எல்லாத்தையும் வெளி அறைக்குக் கொண்டுவந்துதான் பொட்டு வைக்கணும்னு சட்டம் போட்டேன். நம்பி சார்தான் பார்க்க வேண்டிய ஆளு. வருசம் பூரா ஒரு ஸ்க்ரூவைத் தொடமாட்டாரு, அன்னிக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, பஞ்சும் ஸ்பிரிட்டுமா உக்காந்துட்டாரு, ஒரு பெட்டி விடல, ஒரு டப்பா விடல, எல்லாத்தையும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டுத்தான் சந்தனம் வச்சாரு. "வருசத்துக்கு ஒரு நாளாவது இதுங்களுக்குக் குளிச்சுவிட வேண்டாமாம்மா"ன்னாரு. நல்ல மனுசன். கத்துவாரு, நடப்பாரு, ஆனா நல்ல மனுசன். இப்ப அவரு நடக்கிற செருப்புச் சத்தம்தான் கேக்குது. சரி, தட்டு. தட்டைப் பத்தி யோசி செண்பகவல்லி. ஒரு தட்டு கெட்டுப்போனா எப்படிக் கெடும்? பூச்சு உரிஞ்சிருக்கும். உரிஞ்சா எல்லாக் கட்டத்துலயுமா ஒண்ணுபோல உரியும்? அங்கங்க உரியும். அப்ப ஒளியில பாதி பரவும், பாதி குவியும், அரைகுறையா இருக்கும். காலையில அரைகுறையா இல்லையே. காமிராப் படத்துல நடு மையத்துல மட்டும் அப்படி ஒரு முட்டு, ஃபாயிலோட மத்தி முதல்லயே பிச்சுக்கிட்டுப் பறந்துருச்சு, ஓரம் எல்லாம் அப்படியே உக்காந்திருக்கு. வாளியோட சாய்ச்சாப்புல. பூவாளியே இல்லாத மாதிரி.

கதவைத் திறந்துக்கிட்டு மெஹருன்னிசா வாரா. தலையில தொப்பி, காலுல உறை, கையுறையைக் கழட்டாமக் கையை முன்னால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆபரேசன் பண்ணிட்டு வர்ற டாக்டராட்டம். "வச்சுட்டேன் மேடம். பம்ப் ஓடுது." குரல்ல ஒண்ணும் காட்டிக்கல. "நேரா உக்காந்துச்சா"ங்கிறேன். "உக்காந்துச்சு. மூச்சு விடாம வச்சேன்." அந்த ஃபாயிலைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், ஊதுனாப் பறந்துரும், அவளே செஞ்சது, எத்தனை செஞ்சு எத்தனை கிழிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், இதே இடத்துல உக்காந்து கிழிஞ்சதை எல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு வைப்பா, குலுக்குனாச் சத்தம்கூட வராது. காயல்பட்டினத்துப் பிள்ளை, நாலு வருசமா இந்தப் பாறைக்காட்டுல கிடக்கா, புதுக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடைக்குக்கூட நாலு கிலோமீட்டர் போகணும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால ஊருக்கு அவ அக்காவுக்குப் போன் போடுவா, "லாத்தா, துஆ செய்யுங்க"ன்னு வேண்டிக்கச் சொல்லி ஒரே வரி, வச்சிருவா. அந்த லாத்தாதான் படிக்க வச்சது, வாப்பா வேணாம்னப்ப சண்டை போட்டு அனுப்பி வச்சது. "லாத்தாவுக்குச் சொல்லிட்டியாட்டி"ன்னு கேக்கிறேன். "இல்ல மேடம். காலையில ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை கேக்க வெக்கமா இருக்கு"ங்கிறா. "வெக்கப்பட வேண்டியது நானும் என் தட்டும், நீ எதுக்கு வெக்கப்படுத, போனைப் போடுட்டி." சிரிக்கிறா. அப்பா, சிரிச்சுட்டா. ஆனாப் போனை எடுக்கல. டப்பாவுல இருந்து பொரி எடுத்து ஒவ்வொண்ணா வாயில போடுதா. ஃபெலிக்ஸ் திரும்பிப் பார்த்து, "இப்பத் தின்னுக்கோங்க, சுடும்போது யாரும் மெல்லக் கூடாது"ங்கிறாரு. அது இங்க ஒரு சட்டம். எப்பவோ ஒருத்தர் முறுக்கைக் கடிச்ச நேரத்துல ஷாட் சொதப்பிருச்சு, அன்னில இருந்து கட்டுப்பாட்டு அறையில எண்ண ஆரம்பிச்சதும் வாயெல்லாம் நிக்கணும். முனைவர் பட்டம் வாங்குனவங்க அத்தனை பேரும் கன்னத்துல பொரியை ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். இங்க மெல்றது அங்க ஆடுமாம். ஆடாது. ஆனா யாரு ரிஸ்க் எடுக்கிறது.

எதிர்ச் சுவர்ல பழைய படம் ஒண்ணு ஒட்டியிருக்கு, தட்டு வர்றதுக்கு முந்தின காலத்துப் படம், லேசர் குவிஞ்சு விழுந்த புள்ளி, முந்திரிப்பருப்பாட்டம் லேசா வளைஞ்சு, ஒரு பக்கம் வாலோட, வெள்ளையா. காகிதம் ஓரம் சுருண்டுக்கிட்டு ஒரு காது தொங்குது. எத்தனை வருசமாத் தொங்குது, யாரும் எடுக்கல. கண்ணு அதுலயே போய் நிக்குது, ஏன்னு தெரியல. பொரி வாசனை, ஸ்பிரிட் வாசனை, வாழைக்கன்னு வாடுன வாசனை, திருவிழா முடிஞ்ச மறுநா வாசனை. கோவில்பட்டியில பங்குனித் திருவிழாவுக்கு ரெண்டு ராட்டினம் வரும், ஒண்ணு பெருசு, நெதானமாச் சுத்தும், இன்னொண்ணு சின்னது, அது சுத்துற வேகம் இதைவிட ரெண்டு மடங்கு. நான் பெருசுல ஏறுனேன். என் தம்பி பரமகுரு பயந்தாங்கொள்ளி, பெருசு வேண்டாம்னு சின்னதுல ஏறுனான், சின்னதுதானே மெதுவாப் போகும்னு நெனைச்சுட்டான் மடையன். ரெண்டும் ஒண்ணாக் கிளம்புச்சு. ஆத்தாடி, உச்சிக்குப் போறப்ப வயித்துக்குள்ள அந்தக் குளிர்ச்சி! ஊரே தெரிஞ்சுது, தெப்பக்குளம் தெரிஞ்சுது, ரயில் தெரிஞ்சுது, கடலைமிட்டாய்க் கடையில காய வச்ச தட்டுங்க வெயில்ல மின்னுச்சு, ஒரு காலுச் செருப்பு கழண்டு விழுந்துச்சு, அது கூட சந்தோசமாத்தான் இருந்துச்சு, போகட்டும் சனியன்னு இன்னொண்ணையும் உதறிவிட்டேன். அங்க இருந்து தம்பி எங்கன்னு குனிஞ்சு பார்த்தா, அவன் கீழ, ஏறுன இடத்துலயே உக்காந்திருக்கான், கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு. இறங்குனதும் அழுதான், "எனக்கு மட்டும் சுத்தவே இல்லைக்கா, கண்ணைத் தொறந்து தொறந்து பார்த்தேன், அந்த ஐஸ்காரன் முன்னாலயேதான் இருந்தேன்"னு. எங்க அம்மா சிரிச்ச சிரிப்பு! ஒவ்வொரு சுத்துக்கும் அவன் கீழ வர்றப்பதான் கண்ணைத் தொறந்திருக்கான். இன்னிக்கு வரைக்கும் வீட்டுல யாராவது வேலை செஞ்சது தெரியலைன்னா, "என்ன, பரமகுரு ராட்டினமா"ன்னு கேப்போம். அவன் இப்பத் துபாய்ல கிரேன் ஓட்டுதான், மேகத்துல உக்காந்து டீ குடிக்கிறான், கேட்டா அதெல்லாம் சின்ன வயசுலம்பான். சுத்தவே இல்லைக்கா. ராத்திரி சோறு திங்கிறப்பவும் அதையே சொன்னான்.

"என்ன செண்பகம், என்ன முடிவு?" நம்பி சார் உள்ள வந்துட்டாரு, முகம் வேர்த்திருக்கு. "தட்டை எடுத்துரலாமா? இல்லாத பூவாளிக்கு எதுக்கு இவ்வளவு நம்பிக்கை? பாதிப் பலத்துல சுட்டா ஏதோ கொஞ்சமாவது கிடைக்கும், பிள்ளை வெறுங்கையோட போக வேண்டாம்." அவரு நல்லதுக்குத்தான் சொல்லுதாரு, அதுதான் இன்னும் எரிச்சல். "தட்டு நல்ல தட்டு சார்"ங்கிறேன். "காலையில பார்த்தோமே." "பார்த்தோம். ஆனா பூஜைக்கு முந்துன வாரம் இதே பச்சை ஒளியில தட்டு பிரமாதமா வேலை செஞ்சுதே. ஒரு வாரத்துல ஒரு கண்ணாடிக்கு என்ன சார் வரும், சீக்கா வரும்?" "அது எனக்கெப்படிம்மா தெரியும், தட்டு உன்னோடது." அது சரி. என்னோடதுதான். மெஹருன்னிசா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறா, எங்க சண்டையில அவ படிப்பு ஊசலாடுது, வாயில போட்ட பொரியை மெல்லாம வச்சிருக்கா. "மேடம், எடுத்துரலாம்னா எடுத்துரலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்"ங்கிறா. நெனைக்க மாட்டாளாம். நாலு வருசம். எனக்குப் பயம் வருது, நிஜமாவே வருது, ஒருவேளை முந்துன வாரம் வந்ததுதான் அதிசயம், இன்னிக்கு வந்ததுதான் நிசமோ, நான் பூவாளி பூவாளின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது வெறும் வாய்தானோ, அந்தப் பெரிய மனுசர் சிரிச்சது சரிதானோ. "கொஞ்சம் பொறுங்க சார், முள்ளு இன்னும் இறங்கலையே"ன்னு சொல்லுதேன். "இறங்குது மக்கா, இறங்குது"ங்கிறாரு ஃபெலிக்ஸ். நான் யாரையும் பார்க்காம அந்த முந்திரிப்பருப்பைப் பார்க்கிறேன்.

முந்திரிப்பருப்பு. காலையில, ஒளி விழுற புள்ளியைப் படம் பிடிக்கிற காமிராவுல வந்ததும் வெள்ளையா ஒரு பொட்டு, ஒளி தாங்காம காமிரா பூத்துப் போச்சுன்னு தள்ளி வச்சிட்டோம். அதுக்கும் ஒரு வளைவு இருந்துச்சே. "ஃபெலிக்ஸ், காலையில எடுத்த புள்ளிப் படத்தை வையுங்க." வைக்கிறாரு. அதே வளைவு. அதே வால். சுவர்ல இருக்கிறதும் திரையில இருக்கிறதும் அச்சு அசல், ரெட்டைப் பிள்ளைங்க. தட்டு இல்லாத காலத்துப் புள்ளியும், தட்டு வச்சுச் சுட்ட புள்ளியும். கெட்டுப்போன தட்டுன்னா அரைகுறையாக் கெடுத்திருக்கும், இது கெடுக்கவும் இல்ல, திருத்தவும் இல்ல, ஒண்ணுமே பண்ணல, ஒளி உள்ள போயி வெளிய வந்து, சுத்தவே இல்லைக்காங்குது. சுத்தவே இல்லைக்கா. அடி ஆத்தீ. சுத்தியிருக்குடா பரமகுரு! நீ ஒரு முழுச் சுத்து சுத்திட்டுக் கீழ வந்து உக்காந்திருக்க! பெரிய ராட்டினம் பாதிச் சுத்துல உச்சியில நிக்கிறப்ப, ரெண்டு மடங்கு வேகத்துல போற சின்ன ராட்டினம் முழுசாச் சுத்தி ஏறுன இடத்துக்கே வந்திருக்கும். எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தட்டு. தண்டுல இருந்து வர்ற ஒளியை நாங்க சிவப்பும்போம், கண்ணுக்கே தெரியாது, பேருக்குச் சிவப்பு. அதை ஒரு படிகத்துக்குள்ள விட்டா பச்சையா வரும், அலை நீளம் பாதியாயிரும், அதே தூரத்துல ரெண்டு மடங்கு சுத்து, இன்னிக்குச் சுடுறது அந்தப் பச்சையை. சிவப்புக்குன்னு செஞ்ச தட்டுல பூச்சு கனம், பச்சைக்குன்னு செஞ்சதுல அதுல பாதி. சிவப்புத் தட்டுக்குள்ள பச்சையை அனுப்புனா அரைச் சுத்து தாமதம் ஆக வேண்டிய இடத்துல முழுச் சுத்து ஆகும், முழுச் சுத்துன்னா கிளம்புன இடம், கிளம்புன இடம்னா ஒண்ணுமில்ல. கூடத்துல மாட்டியிருக்கிறது சிவப்புத் தட்டு! ரெண்டும் பார்த்தா ஒரே ஜன்னல் கண்ணாடி, பெட்டி மூடியில நான்தான் மார்க்கர்ல எழுதி வச்சிருந்தேன், எழுத்து எங்க, காலையில பெட்டியைத் திறக்கிறப்ப என்ன பார்த்தேன், பளபளன்னு ஒரு மூடி, நடுவுல அழகாச் சந்தனம், அது மேல குங்குமம். ரெண்டு பெட்டியிலயும். வருசத்துக்கு ஒரு நாளாவது குளிச்சுவிட வேண்டாமா. ஸ்பிரிட்டும் பஞ்சுமா. ஐயோ நம்பி சார், ஐயோ என் தங்கமே.

நான் சத்தமாச் சிரிச்சிட்டேன் போல, மூணு பேரும் பயந்து பார்க்கிறாங்க. "எந்திரிட்டி மெஹரு, வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுறேன், ஓடக் கூடாது, கூடத்துக்குள்ள ஓடக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான், தொப்பியை மாட்டு, உறையை மாட்டு, ஒரு கால் உறை கிழியுது, வேற எடு. "என்ன மேடம், என்ன ஆச்சு, சொல்லுங்களேன்." "ராட்டினம்"ங்கிறேன், அவ முழிக்கிறா. வகுப்பு எடுக்கிறப்பக் காட்டுற பச்சைப் பாயின்டர் என் பையிலயே கிடக்கும், சின்ன லேசர்தான், ஆனா நிறம் கிட்டத்தட்ட நம்ம பச்சைதான். மாட்டியிருக்கிற தட்டுக்கு நேரா நிக்கிறேன். மூச்சு வாங்குது. இது தப்பாயிருந்தா? இந்தச் சந்தோசம் வெறும் பதட்டமா இருந்தா? முள்ளு இறங்கிக்கிட்டிருக்கு, இது ஒண்ணுதான் எனக்கிருக்கிற ரோசனை, இதுவும் இல்லைன்னா கழட்டிர வேண்டியதுதான். அழுத்துறேன். தட்டு வழியாப் போயி எதிர்ச் சுவர்ல ஒரு பச்சைப் புள்ளி, சின்னதா, துளியும் கலையாம, ஐஸ்காரன் முன்னாலயே உக்காந்திருக்கு. இது வேலை செய்யுற தட்டா இருந்தா அந்தப் புள்ளி சிதறணும். "மேடம், இது..."ங்கிறா மெஹருன்னிசா, அவளுக்கும் புரிய ஆரம்பிச்சிருச்சு, கெட்டிக்காரி. அலமாரியில இருந்து இன்னொரு பெட்டி. பொட்டு வச்ச மூடியைத் திறந்து தட்டை ரெண்டு கையிலயும் அவ பிடிக்கிறா. அழுத்துறேன். சுவர்ல புள்ளி இல்ல. அது இருந்த இடத்துல உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை மாவை அள்ளி விசிறுன மாதிரி, பொடிப்பொடியா, மினுக்கு மினுக்குன்னு. அவ கையை லேசா அசைச்சா அந்த மினுக்கு எல்லாம் சேர்ந்து ஓடுது. "பச்சைத் தட்டு இதுதான்"ங்கிறேன். "காலையில இதை ஏன் பார்க்கல மேடம்"ங்கிறா. நல்ல கேள்வி. குறி பார்க்கிறப்பத் தட்டைக் கழட்டிட்டுத்தானே பார்ப்போம், தட்டு இருந்தா புள்ளியே கிடைக்காது, எல்லாம் சரியானப்புறம் சொருகிட்டு வந்திருவோம், பெட்டி சொன்னதைத்தான் நம்புவோம். பெட்டி குளிச்சுட்டு வந்து பேரை மறந்துருச்சு, இடம் மாறி இருந்ததை நானும் வழக்கமான இடத்துல இருக்கேன்னு எடுத்துட்டேன். நல்லவேளை, தட்டு ஃபாயில் இருக்கிற பாத்திரத்துக்கு வெளியவே இருக்கு, பம்பை நிறுத்த வேண்டாம். மாத்துறோம். நாலு திருகு. ஒவ்வொரு திருகையும் நான் இறுக்க, அவ விளக்குப் பிடிக்கிறா. வெளிய வர்றப்ப வாசல்ல நின்னு போனை எடுக்கிறா. "லாத்தா, துஆ செய்யுங்க." அவ்வளவுதான், வச்சுட்டா.

முள்ளு கோட்டைத் தொட்டுருச்சு. நம்பி சார்கிட்ட, "தட்டோடதான் சார், முழுப் பலம்"னு மட்டும் சொன்னேன், என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவரு நாற்காலியைத் தேடி உக்காந்தாரு. மின்சாரம் ஏறுற ஊளைச் சத்தம் சுவர் வழியா வருது, முதல்ல கொசுவாட்டம், அப்புறம் விசிலாட்டம். ஃபெலிக்ஸ் பத்துல இருந்து எண்ணுறாரு. வாயில பொரி இருக்கு, எப்பப் போட்டேன்னு தெரியல, மெல்லல, மெல்ல மாட்டேன், கன்னத்துல அப்படியே கரையுது. மெஹருன்னிசா கண்ணை மூடிக்கிட்டா. தெறட்டி கண்ணை, பரமகுருவாட்டம் மூடாத, தெற. "ரெண்டு, ஒண்ணு." டொப். கூடத்துல யாரோ பெரிய கதவைச் சாத்துன மாதிரி ஒரே ஒரு சத்தம், தரை காலுக்கடியில லேசா எழும்பி அடங்குச்சு, அவ்வளவுதான், இத்தனை காத்திருப்புக்கும் இவ்வளவுதான் சத்தம். திரை கறுப்பா இருக்கு. படம் மேல இருந்து கீழ கொஞ்சம் கொஞ்சமா வருது, ஃபாயிலோட முதுகுல ஒளி எந்த இடத்துல எப்ப வந்து சேந்துதுன்னு எழுதிக்காட்டுற படம், காலையில இந்த இடத்துலதான் முட்டு வந்துச்சு, இப்ப வரல, இன்னும் வரல, வராத, சாமி வராத. வந்துருச்சு. கோடு. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஃபாயில் முழுசும் ஒண்ணாக் கிளம்பி ஒண்ணாப் பறந்திருக்கு, யாரும் முந்தல, யாரும் பிந்தல. இவ்வளவு கொட்டியும் மண்ணு குழியல.

மெஹருன்னிசா திரைக்குக் கிட்டப் போயி மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பார்த்தா, விரலால கோட்டைத் தொட்டுக்கிட்டே இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போனா, திரும்பி வந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "லாத்தா"ன்னா. மேடம்ங்கிற வாய், நாலு வருசமா மேடம் மேடம்ங்கிற வாய். "லாத்தா, நேரா இருக்கு லாத்தா"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்குறா, கையுறையைக் கூடக் கழட்டல, எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது, நான் துடைக்கல, இருக்கட்டும். ஃபெலிக்ஸ் பொரி டப்பாவைத் தலைகீழாக் கவுத்து எல்லார் கையிலயும் கொட்டுறாரு, "இனி மெல்லலாம், நல்லா மெல்லலாம்"ங்கிறாரு. நம்பி சார் எந்திரிச்சு நிக்கிறாரு, சிரிக்கவா வேண்டாமான்னு தெரியாம, "தட்டு நல்லாத்தானேம்மா இருக்கு, அப்பக் காலையில என்னதான் ஆச்சு?"ங்கிறாரு. "சார், அடுத்த ஆயுத பூஜைக்கு நீங்க பொட்டு மட்டும் வையுங்க, குளிப்பாட்டுற வேலையை எங்ககிட்ட விட்டுருங்க"ங்கிறேன். ஒரு நிமிசம் முழிச்சாரு. அப்புறம் தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, "அடப் பாவி, நானா?"ன்னாரு, அப்புறம் அவரு சிரிச்ச சிரிப்புல வராந்தாவுல போனவங்கல்லாம் எட்டிப் பார்த்தாங்க. மெஹருன்னிசா போன்ல நிசமான லாத்தாகிட்ட என்னமோ கத்திக்கிட்டிருக்கா, அழுகுறாளா சிரிக்கிறாளான்னு அங்க இருக்கிறவங்களுக்கும் புரிஞ்சிருக்காது. நான் நாற்காலியில வந்து உக்காந்தேன். இன்னிக்கு ராத்திரி துபாய்க்குப் போன் போடணும், டேய் பரமகுரு, சுத்துச்சுடா, சத்தியமாச் சுத்துச்சுன்னு சொல்லணும், அவன் என்னக்கா தண்ணியடிச்சிருக்கியாம்பான். சுவருக்கு அந்தப் பக்கம் தண்டுங்கல்லாம் சூடாப் படுத்திருக்கும். ஃபெலிக்ஸ் பழக்கத்துல முள்ளைப் பார்த்துட்டு, "இறங்குது மக்கா"ங்கிறாரு. இறங்கட்டும். ஆறட்டும். இனி எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிட்டு ஆறட்டும்.